நத்தைக்கு வைத்த பீர்

ஊசியக்கா நட்ட பதினாலு முட்டைக்கோஸ் நாற்றுகளில் மூன்று, அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் வெறும் தண்டாக நின்றன. முந்தின நாள் சாயங்காலம் அவள் தண்ணீர் விட்டபோது அவை உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டிருந்தன. யாரோ வேண்டுமென்றே வந்து கடித்துத் துப்பிவிட்டுப் போனது போல இருந்தது.

ஊசியக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். மூன்று தெரு தள்ளி இருந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தாள். வலிக்காமல் ஊசி போடுவாள் என்று பெயர் வாங்கியவள். எதையும் அளந்து, எழுதி, லேபிள் ஒட்டிப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி. வீட்டுக்குப் பின்னால் இருந்த பத்தடிக்கு இருபதடி மண்ணில்கூட ஒவ்வொரு பாத்தியின் தலைமாட்டிலும் தேதி எழுதிய குச்சி நின்றது.

அதனால் அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் மனிதர்கள் மேல்தான். வேலிக்கு அந்தப்புறம் இருந்த தபால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் அவரைத் தபால்காரர் என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"வெட்டுன மாதிரி இல்ல தங்கச்சி. அரம் வச்சு ராவுன மாதிரி இருக்கு. இந்தா, இங்க பாருங்க, பளபளன்னு கோடு. இது நத்த. ஓடு இல்லாத நத்த. பகல்ல ஒன்னு கண்ணுல படாது."

"ஒரு ராத்திரில மூணு செடியாண்ணே?"

"மழ வேற பெய்யுது. அதுங்களுக்குக் கல்யாண வீடு."

உப்புப் போட்டால் மண் கெட்டுவிடும் என்றார். கடையில் விற்கும் நீல நிற நத்தை விஷக் குருணையைத் தின்று தன் தம்பி வீட்டுப் பூனை செத்துப்போனதைச் சொன்னார். பிறகு, ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"பீர் வைங்க. கிண்ணத்துல ஊத்தி மண்ணுல புதைச்சு வச்சா, வாசனைக்கு வந்து அதுவே உள்ள விழுந்து செத்துரும். கைய அழுக்காக்க வேணாம்."

ஊசியக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "எங்க வீட்ல அதெல்லாம் பழக்கமில்லண்ணே" என்றாள்.

"குடிக்கவா சொன்னேன்? நத்தைக்குத்தானே" என்று தபால்காரர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

பழக்கமில்லை என்று சொன்னது பொய். அந்தத் தெருவுக்கு அவர்கள் குடிவந்து ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் நகரத்தின் மறுகோடியில் இருந்தார்கள். அவளுடைய கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நல்ல வேலைக்காரர். காதை வைத்துக் கேட்டே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஒரு நாள், ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், லிஃப்டுக்குள் ஒரு பெண் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருக்க, அவர் மேலே இயந்திர அறையில் குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்தார். வேலை போகவில்லை, மயிரிழையில் தப்பியது. ஆனால் அன்றைக்குத்தான் அவர் குடியைத் தலைமுழுகினார். மூன்று வருஷம் முடியப் போகிறது. முதல் ஒன்றரை வருஷம் மாதாமாதம் அவளே அவருக்கு ஊசி போட்டு ரத்தம் எடுத்து, ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கொடுத்தாள். எண் இறங்கி இறங்கி ஒரு நாள் சாதாரண மனிதர்களுடைய எண்ணாக ஆனது. அப்புறம்தான் வீடு மாறினார்கள். புதுத் தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொள்வதைத் தன் பொறுப்பாகவே அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆகவே அவள் முதலில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாள். சாம்பல் தூவினாள். காப்பித் தூள் சக்கையைச் சுற்றிலும் வட்டமாகக் கொட்டினாள். எல்லாவற்றையும் மழை கரைத்துக்கொண்டு போனது. வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு நாற்று போய்விட்டது. பீன்ஸ் கொடியின் குருத்தையும் மொட்டையடித்திருந்தன. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, தபால்காரர் சொன்னதைச் சொன்னாள்.

கணவரின் கை ஒரு நொடி தட்டிலேயே நின்றது. பிறகு பிசையத் தொடங்கியது.

"வைக்கிறதுன்னா வை" என்றார்.

அந்த இரண்டு சொல்லை அவள் படுக்கையில் கிடந்து திரும்பத் திரும்ப யோசித்தாள். அதில் சம்மதம் எவ்வளவு, அலட்சியம் எவ்வளவு, வேறு ஏதாவது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது நான்கு பாட்டில் வாங்கினாள். துவைக்கக் கொண்டுவந்த வெள்ளைக் கோட்டுக்குள் சுற்றி, திருட்டுப்பொருள் கொண்டுவருபவள் மாதிரி பின்வாசல் வழியாக வந்தாள். பாட்டில்களைத் துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அந்த அலமாரியை அதற்கு முன் யாரும் பூட்டியதில்லை. கணவர் துண்டு எடுக்க வந்தவர் பூட்டைப் பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த ஈரத் துண்டையே எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

ஆறு ஐஸ்கிரீம் கிண்ணங்களைப் பாத்திகளுக்கு இடையில் புதைத்தாள். நல்ல வண்டுகள் தவறி விழாமல் இருக்க, விளிம்பு மண்ணுக்கு மேல் ஒரு விரல் உயரம் நிற்கும்படி வைத்தாள். மழைத்தண்ணீர் விழாதபடி ஒவ்வொன்றுக்கும் மேலே நான்கு குச்சி ஊன்றித் தகர மூடி பொருத்தினாள். பாதிக் கிண்ணம் பீர் ஊற்றும்போது மூச்சை அடக்கிக்கொண்டாள். அந்த வாசனை அவளுக்கு ஒரு நொடியில் பழைய வீட்டின் மாடிப்படியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

முதல் நாள் காலை எண்ணிப் பார்த்தாள். பத்தொன்பது நத்தைகள். சாம்பலும் பழுப்புமாக, ஊறிய பேரீச்சம்பழம் போல மிதந்தன. வேலிக்கு அந்தப்புறம் நின்ற தபால்காரரிடம் சொன்னாள். "நான் சொன்னேன்ல" என்று அவர், தானே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

மூன்றாம் நாள் அவளுக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. கிண்ணத்தில் நத்தைகள் கிடந்தன. இருபத்திரண்டு. ஆனால் வாசனை இல்லை. நிறமும் இல்லை. மழை உள்ளே போயிருக்கும் என்று நினைத்துத் தகர மூடிகளைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் நேராகத்தான் இருந்தன. உள்ளே துளி ஒழுக வழியில்லை.

அன்று சாயங்காலம் புதிதாக ஊற்றி, கிண்ணத்தின் உட்புறத்தில் அளவுக்கு ஒரு கோடு போட்டாள், பரிசோதனைக் கூடத்தில் டியூபுக்கு எழுதும் அழியாத பேனாவால். மறுநாள் காலை எல்லாக் கிண்ணத்திலும் மட்டம் அந்தக் கோட்டிலேயே நின்றது. ஒரு நூல்கூடக் குறையவில்லை, கூடவில்லை. ஆனால் கிண்ணத்தில் இருந்தது பீர் மாதிரித் தெரியவில்லை.

ஒரு சொட்டுமருந்துக் குப்பியில் கொஞ்சம் எடுத்து மூடி, கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், சிறுநீரின் அடர்த்தி பார்க்கும் சின்னக் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பாட்டிலிலிருந்து எடுத்துவந்த பீரையும் அதே மாதிரிப் பார்த்தாள். பாட்டில் பீருக்குக் கோடு நன்றாக மேலே ஏறியது. கிண்ணத்தில் எடுத்ததற்குக் கோடு அடியிலேயே படுத்துக்கிடந்தது.

தண்ணீர். குழாய்த் தண்ணீர்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏனென்றால் அளவு குறையாமல் தண்ணீர் ஊற்றி வைப்பது யாருடைய கைவேலை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பழைய வீட்டில், பாட்டிலில் அவள் போட்டுவைத்த அடையாளத்துக்குச் சரியாகத் தேயிலைத் தண்ணீர் கலந்து வைத்து, ஒன்றும் தெரியாத பிள்ளை போல நாலு மாதம் ஏமாற்றியவர் அவர்.

சந்தேகத்தைத் தபால்காரர் மேல் திருப்பிப் பார்த்தாள். பீரைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு ருசி இருந்ததே. ஆனால் மூட்டுவலியோடு அவர் வாசற்படி ஏறுவதற்கே இரண்டு நிமிஷம் ஆகும். வேலி தாண்டுவது நடக்கிற காரியம் இல்லை. தவிர, நத்தை செத்து மிதக்கிற பீரை யார் குடிப்பார்கள்? அந்தக் கேள்விக்கும் அவளிடம் பதில் இருந்தது. அந்த நாட்களில் அவர் அதைவிட மோசமானதைக் குடித்திருக்கிறார்.

தினமும் சாயங்காலம் கிண்ணங்களில் புது பீர் ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை; தீர்ந்ததும் மறுபடி வாங்கிவந்து பூட்டினாள். அப்புறம் கண்ணில் படுவதெல்லாம் சாட்சியாக மாறத் தொடங்கியது. கணவர் இப்போதெல்லாம் அவளுக்கு முன்னால் எழுந்துவிடுகிறார். ஆறு மணிக்கு அவள் சமையலறைக்கு வரும்போது குளித்து முடித்திருக்கிறார். பின்வாசலில் அவருடைய செருப்பில் ஈர மண் அப்பியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் கையில் வினிகர் நாற்றம் அடிக்கிறது. எந்த மனிதன் காலங்கார்த்தாலே கையில் வினிகர் ஊற்றிக் கழுவுவான், எதையாவது மறைக்கவேண்டி இல்லையென்றால்?

காப்பி டம்ளரை நீட்டும் சாக்கில் அவள் அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். பல்பொடி வாசனைதான் வந்தது. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, அவளையே ஒரு கணம் பார்த்தார்.

"என்ன?" என்றார்.

"ஒன்னுமில்லங்க. சட்டையில நூல் தொங்குது."

அன்று மாலை நாத்தனார் போன் செய்தாள். கணவருக்கு மூத்தவள், தம்பிக்குத் தும்மல் வந்தால் அவளுக்குக் காய்ச்சல் வரும். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில் கேட்டாள்.

"தம்பி நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்காரு அண்ணி. ஏன் கேக்கறீங்க?"

"இல்ல, முந்தாநாள் பேசும்போது ஒரு மாதிரி பேசினான். அதான்."

"ஒரு மாதிரின்னா?"

"ஒன்னுமில்லம்மா. வேல அலுப்பா இருக்கும். நீ மனசுல வச்சுக்காத" என்று நாத்தனார் வைத்துவிட்டாள்.

மனசில் வைத்துக்கொள்ளாதே என்றால் வேறு எங்கே வைப்பது? ஊசியக்கா ராத்திரி முழுக்கப் புரண்டாள். நேராகக் கேட்டுவிடலாம். ஆனால் நேராகக் கேட்டபோதெல்லாம் அந்தக் காலத்தில் அவர் பிள்ளைத்தனமான ஒரு கோபத்தோடு சத்தியம் செய்வார். அந்தச் சத்தியத்தை இன்னொரு தரம் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. விடியும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, லேபிலிருந்து கொண்டுவந்திருந்த பொருட்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினாள்.

"சர்க்கரை பாத்து ஒரு வருஷமாச்சு. கைய நீட்டுங்க. வெறும் வயித்துலதானே இருக்கீங்க?"

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினார். அவள் ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பு அவளுக்குப் பழகின நரம்பு. விரல் தானாகப் போய் அங்கே நின்றது. முதலில் சாம்பல் மூடி போட்ட டியூப். அது சர்க்கரைக்கு. அது நிறைந்ததும், ஊசியை எடுக்காமலே, இரண்டாவது டியூபைச் செருகினாள். மஞ்சள் மூடி. பாதி நிறைந்திருக்கும்போது அவர் கை லேசாக இறுகியதை விரலில் உணர்ந்தாள்.

"சர்க்கரைக்கு இவ்வளவு ரத்தம் வேணுமா?" என்று கேட்டார்.

"கொழுப்பும் சேத்துப் பாத்துடலாம்னு."

அவர் தலையாட்டினார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் லேபிளை ஒரு தரம் கோணலாக ஒட்டி, பிரித்து மறுபடி ஒட்டினாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவருக்குச் சொல்லாமல் அவர் ரத்தத்தில் எதையும் அவள் தேடியதில்லை.

முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. லேப் டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, "இந்த ஈரல் டெஸ்ட் யார் எழுதினது? சீட்டு இல்லையே" என்று கேட்டார்.

"அவரே கேட்டாரு சார்" என்றாள். சொன்ன பிறகு காது சூடானது.

எண் நன்றாக இருந்தது. எல்லைக்குள், எல்லைக்கு வெகு கீழே. அந்த எண்ணைப் பார்த்ததும் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. பதிலுக்கு, ஒரு பரிசோதனைக்காரிக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு யோசனை வந்தது. பத்து நாளாக, தினம் ஒரு கிண்ணம் இரண்டு கிண்ணம் என்று குடித்தால் இந்த எண் அசையாது. அசைய வாரக்கணக்கில் ஆகும். அதாவது, எதுவும் நிரூபணமாகவில்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள், பூட்டின் சாவிக்குப் பக்கத்தில்.

மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அவள் பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது. செருப்புப் போடாமல் சமையலறைக்கு வந்து, விளக்குப் போடாமல் ஜன்னலோரம் நின்றாள். மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் ஒரு வெளிச்சம் தரையோடு தரையாக நகர்ந்தது. கணவர் குந்தியிருந்தார். தலையில் வேலைத் தொப்பி. லிஃப்ட் பள்ளத்துக்குள் இறங்கும்போது அணியும், நெற்றியில் விளக்கு உள்ள தொப்பி. ஒரு கையில் பழைய பெயின்ட் டப்பா. இன்னொரு கையில் கூர்மூக்குக் குறடு. முட்டைக்கோஸ் இலையை ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் பார்த்தார். எதையோ குறட்டால் பிடித்து டப்பாவுக்குள் போட்டார். பீன்ஸ் கொடியை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். பாத்தி ஓரத்தில் கிடந்த செங்கல்லைப் புரட்டி, அதன் அடியிலிருந்து நாலைந்து எடுத்தார். சக்கரத்தில் எண்ணெய் விடும்போது எவ்வளவு பொறுமையோ அவ்வளவு பொறுமை.

பிறகு முதல் கிண்ணத்துக்கு வந்தார். தகர மூடியை விலக்கி, கிண்ணத்தை மண்ணிலிருந்து எடுத்தார். எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

ஊசியக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை அப்படியே வைத்திருந்தார். பத்து எண்ணலாம், இருபது எண்ணலாம், அவ்வளவு நேரம். விளக்கு வெளிச்சம் கிண்ணத்துக்குள் விழுந்து அவர் தாடையில் மஞ்சளாக அடித்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று என்று அவள் மனசில் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலில் கொஞ்சம் திருப்திகூட இருந்தது. அதைப் பிற்பாடு நினைக்கும்போதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கிண்ணத்தை ஒரே வீச்சில் சாக்கடைப் பக்கம் கவிழ்த்தார். தோட்டக் குழாயில் கழுவினார். தண்ணீர் பிடித்து, தலையைச் சாய்த்து வெளிச்சம் காட்டி, அவள் போட்ட கோட்டுக்குச் சரியாக மட்டம் பார்த்தார். டப்பாவிலிருந்து நாலு நத்தையைக் குறட்டால் எடுத்துக் கிண்ணத்துக்குள் போட்டு, மண்ணில் வைத்து, மூடியைப் பொருத்தினார். அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்தார்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். ஈர மண் காலில் ஒட்டியது. விளக்கு வெளிச்சம் சட்டென்று திரும்பி அவள் கண்ணில் அடித்தது. அவர் தொப்பியைக் கழற்றி மண்ணில் வைத்தார்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டாவது நாள்லேர்ந்து."

"ஏங்க?"

அவர் குறட்டைத் தொடையில் துடைத்தார். "முத நாள் நாலரைக்கு முழிப்பு வந்துருச்சு. வாசன அடிச்சதா, அடிக்கிற மாதிரி இருந்துச்சான்னு தெரியல. எந்திரிச்சு இங்க வந்து நின்னேன். எவ்ளோ நேரம்னு தெரியல. அப்புறம் உள்ள போயிட்டேன். மறுநாளும் அப்படி நிக்க முடியாதுன்னு தெரிஞ்சுது. அதான் கொட்டிட்டேன்."

"எங்கிட்ட வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ என்ன நினைப்ப? மூணு வருஷமாச்சு, இன்னும் இந்த மனுஷனுக்கு ஆசை போகலன்னு நினைப்ப." அவர் குறட்டை டப்பாவுக்குள் போட்டார். "செடி நீ ஆசையா வச்சது. பீர் இல்லாட்டி நத்த தின்னுரும். அதான் கையால பொறுக்கலாம்னு. பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்குது. வினிகர் போட்டாத்தான் போகுது."

அவள் அவர் பக்கத்தில் குந்தப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் ஒன்னு கேக்கறேன். உண்மையச் சொல்லு. இத நத்தைக்கு வச்சியா, எனக்கு வச்சியா?"

"என்னங்க பேச்சு இது?"

"அலமாரியப் பூட்டுன. கிண்ணத்துல கோடு போட்ட. தினமும் வந்து மோந்து பாக்குற. நத்தைக்கு எதுக்கு அளவுக் கோடு? பத்து நாளா யோசிக்கிறேன். இவ என்னைச் சோதிக்கத்தான் இத வச்சிருக்கான்னு ஒரு நாள் தோணும். ச்சே, அப்படி இருக்காதுன்னு மறுநாள் தோணும். அக்காகிட்டக்கூடக் கேட்டேன், இவளுக்கு எம்மேல நம்பிக்கை இருக்கான்னு. அப்புறம் ஞாயித்துக்கிழமை மஞ்ச மூடி டியூப எடுத்த."

அவள் குனிந்து, பாதி சாய்ந்திருந்த தேதிக் குச்சியை நேராக ஊன்றினாள்.

"பதினெட்டு மாசம் அந்த மஞ்ச மூடிக்குக் கை நீட்டியிருக்கேன். எனக்குத் தெரியாதா அது எதுக்குன்னு? கொழுப்புன்னு சொன்ன. சரின்னு உக்காந்திருந்தேன்."

வேலிக்கு அந்தப்புறம் தபால்காரர் வீட்டில் சமையலறை விளக்கு எரிந்தது. இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்; அந்தப் பழக்கம் மட்டும் இருவருக்கும் ஒன்றாக இருந்தது.

"நத்தைக்குத்தான் வச்சேன்" என்றாள் அவள். பிறகு, அவருக்கு ஒரு முழு உண்மையாவது கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. "வைக்கும்போது நத்தைக்குத்தான் வச்சேன். பூட்டும்போது உங்களுக்குத்தான் பூட்டினேன். கோடு போடும்போது... அதுவும் உங்களுக்குத்தான். தண்ணி ஊத்தி வச்சிருக்கறதப் பாத்ததும் எனக்குப் பழைய வீடு ஞாபகம் வந்துருச்சு. வேற எதுவும் தோணல."

அவர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஊற்றியிருந்த சோப்புத் தண்ணீரில் நத்தைகள் அடியில் கிடந்தன.

"ரிசல்ட் வந்துருச்சா?" என்று கேட்டார்.

"வந்துருச்சு. நல்லா இருக்கு."

"அப்பவும் நம்பல. இல்லாட்டி இந்நேரத்துக்கு ஜன்னல்ல வந்து நிக்க மாட்ட."

அவர் எல்லாக் கிண்ணங்களையும் பிடுங்கிக் கொட்டிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பின்வாசல் ஓரத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்று காப்பி குடிக்காமலே வேலைக்குக் கிளம்பினார்.

நான்கு நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு நடந்தது. அவள் மீதி இருந்த இரண்டு பாட்டிலையும் அன்றைக்கே சாக்கடையில் ஊற்றி, அலமாரியைத் திறந்தே போட்டாள். அதை அவர் பார்த்தார். ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. இரண்டாம் நாள் அவளும் எழுந்து போய், பாத்தியின் மறுமுனையிலிருந்து இலைகளைப் புரட்ட ஆரம்பித்தாள். அவளுக்குக் குறடு இல்லை. பரிசோதனைக் கூடத்தில் போடும் கையுறையைப் போட்டுக்கொண்டாள். இருவரும் நடுப்பாத்தியில் சந்தித்தபோது அவர் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவரே வந்து கேட்டார். "அந்தத் தாளக் காட்டு."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பரீட்சை முடிவைப் பார்க்கும் பையன் மாதிரி, விரலை ஓட்டி அந்த எண்ணைத் தேடிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே எடுக்கணும்னு தோணுச்சுன்னா கேட்டுட்டு எடு. மாசாமாசம்னாலும் சரி. நீட்டறேன். ஆனா சர்க்கரைன்னு சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"எனக்கும் எப்பவாவது ஒரு மாதிரி இருந்தா உன்னை எழுப்பறேன். நாலரைன்னாலும் எழுப்புவேன். திட்டக் கூடாது."

"திட்டுவேன்" என்றாள். "எழுப்புங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. தபால்காரர் வேலியில் சாய்ந்துகொண்டு அடுக்கி வைத்திருந்த காலிக் கிண்ணங்களைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, பீர் வைக்கறத நிறுத்திட்டீங்களா? நல்லாத்தானே வேல செஞ்சுது. தம்பி, வேணும்னா எங்கிட்ட ரெண்டு பாட்டில் இருக்கு, தரட்டா?"

ஊசியக்கா வாயைத் திறந்தாள். பழைய பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. அதற்குள் கணவர் நிமிர்ந்தார். கையில் களைக்கொத்து இருந்தது.

"வேணாம்ணே. எனக்கு அது ஆகாது. முன்னாடி நெறைய குடிச்சவன். விட்டு மூணு வருஷம் ஆகப்போகுது. பக்கத்துல இருந்தா கஷ்டமா இருக்கு."

தபால்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். செடிகளைப் பார்த்தார், வேலிக் கம்பியில் இல்லாத தூசியைத் தட்டினார். "எனக்குத் தெரியாம போச்சு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒரு வருஷத்துக்கு மேலாக ஊசியக்கா பொத்திப் பொத்தி வைத்ததைக் கணவர் களை பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கி வெளியே போட்டுவிட்டார். நாளைக்குத் தெரு முழுக்கப் பேசும் என்று நினைத்தாள். தபால்காரர் மறுபடியும் முகம் கொடுத்துப் பேசுவாரா என்றும் நினைத்தாள்.

அரை மணி நேரம் கழித்துத் தபால்காரர் திரும்பி வந்தார். ஒன்றன்பின் ஒன்றாக நாலு பழைய மரப்பலகைகளை வேலிக்கு மேல் நீட்டினார். மூட்டுவலியில் முகம் சுளித்தது.

"பாத்திக்கு நடுவுல இத நனைச்சுப் போட்டு வைங்க. விடிஞ்சதும் வெயிலுக்குப் பயந்து எல்லாம் இதுக்கு அடியில வந்து ஒதுங்கிக்கும். தூக்கிப் பாத்து மொத்தமா எடுத்துரலாம். அஞ்சு மணிக்கெல்லாம் எந்திரிக்க வேணாம்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "தினமும் அந்த நேரத்துக்கு வெளிச்சம் தெரியும். திருடனோன்னு நெனச்சு ஒரு வாரமா நானும் தூங்கல."

கணவர் பலகைகளை வாங்கிக்கொண்டார். அன்றைக்கே தண்ணீர் தெளித்துப் போட்டார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் பலகையைப் புரட்டியபோது அடியில் முப்பதுக்குமேல் ஒட்டியிருந்தன.

மழைக்காலம் முடிவதற்குள் ஒன்பது முட்டைக்கோஸ்களில் ஏழு தேறி உருண்டு திரண்டன. இரண்டின் வெளி இலையெல்லாம் சல்லடையாக இருந்தது. உள்ளே நன்றாகத்தான் இருந்தன. ஒன்றைத் தபால்காரருக்குக் கொடுத்தார்கள். நாத்தனார் வந்தபோது இரண்டைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது வாசலில் நின்று ஊசியக்காவின் கையைப் பிடித்து, "இப்ப நல்லா இருக்கானா?" என்று பழையபடியே கேட்டாள்.

"அவருகிட்டயே கேளுங்க அண்ணி" என்றாள் ஊசியக்கா. "உள்ளதான் இருக்காரு."

நாத்தனார் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு முட்டைக்கோஸ் பையைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, மறுபடியும் வீட்டுக்குள் போனாள்.